சுடரின் கணக்கு யார் கையில்?

மின்சாரம் வேண்டுமென்று கேட்பது ஜனங்களின் உரிமை. அம்மின்சாரம் எந்தப் புகையை விலையாகப் பெற்றுக்கொண்டு நமக்கு வருகிறதென்று கேட்பதும் அவ்வுரிமையிற் சேர்ந்ததேயாகும். முதற் கேள்வியைக் கேட்பதற்கு நம் நாட்டில் ஆட்பஞ்சம் இல்லை. இரண்டாவதைக் கேட்பவர் சிலரே. அச்சிலரும் நிலக்கரியின் கரும்புகையைக் கண்ணாற் கண்டு கேட்கிறார்களேயன்றி, கண்ணுக்குப் புலப்படாத புகையைப் பற்றிக் கேட்பதில்லை. வாயு டர்பைன் என்னும் யந்திரத்தின் புகை பெரும்பாலும் அத்தகையது. நெடிய புகைக்கூண்டின் வாயில் ஒன்றும் தெரியாது. வானம் நீலமாகவே இருக்கும். ஆயினும், அதன் வழியே நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் கார்பன் மோனாக்ஸைடும் வெளிப்பட்டுக்கொண்டிருக்கலாம். எவ்வளவு வெளிப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கிடும் சாஸ்திரம் ஒன்று உலகில் வளர்ந்திருக்கிறது. அச்சாஸ்திரம் நம் கையில் இருக்கிறதா, யந்திரம் விற்போர் கையில் மட்டும் இருக்கிறதா என்பதே இன்று நாம் நேயர்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

இது நமக்குத் தொலைவான விஷயமன்று. சிம்மக்கல்லிலிருந்து நூறு மைலுக்குள்ளாகவே, இராமநாதபுரம் சீமையில், வழுதூர் வாயு டர்பைன் மின்நிலையம் அமைந்திருக்கிறது. அந்தப் பக்கத்து மண்ணிலிருந்தே எடுக்கப்படும் இயற்கை வாயுவை எரிப்பதற்கென இரு கட்டங்களாக நிறுவப்பட்ட அந்நிலையத்தின் ஆற்றல் 187.2 மெகாவாட். அதற்கு முன்னரே, 1996 இல், சென்னைப் பேசின் பிரிட்ஜில் நாப்தாவை எரிப்பதற்காக 120 மெகாவாட் நிலையம் ஏற்பட்டது. காவிரிப் படுகையில் திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் வேறிரண்டு நிறுவப்பட்டன. நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 516 மெகாவாட். இவை ஜனங்களின் வரிப்பணத்திலும் மின்கட்டணத்திலும் எழுந்தவை. ஆகையால், அவற்றின் உள்ளே சுடர் எங்ஙனம் எரிகிறது என்பதை அறியும் பாத்தியதை ஜனங்களுக்கு உண்டு.

விஷயத்தைச் சற்று விளக்குவோம். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு பிராணவாயு. சாதாரண வெப்பத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தீண்டாமல் அடுத்தடுத்து வாழ்கின்றன. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக உறுதியாய்ப் பிணைந்திருப்பதே அதற்குக் காரணம். ஆனால் சுடரின் வெப்பம் ஏறக்குறைய 1,800 கெல்வினைத் தாண்டுமாயின், பிராணவாயுவின் தனி அணுக்கள் அப்பிணைப்பை உடைத்து நைட்ரிக் ஆக்ஸைடை உண்டாக்கத் தலைப்படுகின்றன. இவ்வினைகளின் வரிசையை ருஷ்ய சாஸ்திரி ஸெல்டோவிச் 1940-களில் தெளிவுபடுத்தினார். சுடரின் முகப்பிலேயே, எரிபொருளின் சிதைவுகளால் விரைவாக உண்டாகும் மற்றொரு வழியை 1971 இல் பெனிமோர் என்பவர் எடுத்துக் காட்டினார். ஆகவே இந்நஞ்சு எரிபொருளின் அழுக்கால் வருவதன்று. மிகத் தூய எரிபொருளை எரித்தாலும், காற்றே நஞ்சுக்கு மூலப்பொருளாகிறது. வாயுவை எரிக்கிறோம், ஆகையால் மாசு இல்லை என்று சொல்லுவோர் இதனைக் கவனிப்பார்களாக.

இவ்வாறு பிறந்த நைட்ரஜன் ஆக்ஸைடு புகைக்கூண்டோடு நின்றுவிடுவதில்லை. வெயிலின் முன்னிலையில், காற்றிலுள்ள வேறு ஆவிகளோடு கூடி, நிலமட்டத்தில் ஓஸோனை உண்டாக்குகிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கண்ணெரிக்கும் மூட்டத்துக்குக் காரணம் இதுவே என்று ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் பாண்டி நாட்டில், இந்த ரசாயனத்துக்கு வேண்டிய சூரிய ஒளிக்குக் குறைவில்லை. சிம்மக்கல் சந்திப்பில் மாலை வேளையில் நிற்பவர் மூக்கில் ஏறுவது வண்டிகளின் புகை. ஆயினும் ஓஸோன் பிறக்கும் வானத்தில் வண்டியின் நைட்ரஜன் ஆக்ஸைடு, மின்நிலையத்தின் நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற ஜாதி வேற்றுமை கிடையாது.

இத்தீமையைக் குறைப்பதற்கு யந்திர சாஸ்திரிகள் முதலிற் கண்ட வழி, சுடரின் மேல் தண்ணீரையோ நீராவியையோ செலுத்தி அதன் வெப்பத்தைத் தணிப்பது. வழி எளிது, செலவோ பெரிது. எரிபொருளின் எடைக்கு ஏறக்குறைய ஒத்த எடையுள்ள, உப்பு நீக்கிய தூய நீர் இடைவிடாமல் வேண்டியிருந்தது. குடிநீருக்கே வானத்தைப் பார்த்திருக்கும் இராமநாதபுரம் சீமையில், சுடருக்கு ஊற்றத் தண்ணீர் தேடுவது எத்தகைய காரியமென்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறகு கண்டதே உலர்ந்த முறை. எரிபொருளைத் தேவைக்கு மிகுதியான காற்றோடு முன்னரே நன்றாகக் கலந்து, பின்னர் எரிப்பது இதன் தத்துவம். மிகுதிக் காற்று வெப்பத்தைப் பகிர்ந்துகொள்வதால், சுடர் தானே தணிவாக எரிகிறது. 1990 முதல் இம்முறை பெரிய டர்பைன்களில் பரவி, பத்து லட்சம் பங்கில் நூற்றுக்கு மேற்பட்டிருந்த நைட்ரஜன் ஆக்ஸைடை 25 பங்குக்கும், சிலவற்றில் 9 பங்குக்கும் இறக்கியிருக்கிறது.

இங்கேதான் கணக்கின் அவசியம் பிறக்கிறது. சுடரைத் தணித்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு குறையும். ஆனால் அளவுக்கு மீறித் தணித்தால், எரிதல் முற்றுப்பெறாமல் கார்பன் மோனாக்ஸைடு பெருகும். இன்னும் தணித்தால் சுடர் அணைந்தே போகும். அணையும் எல்லைக்கு அருகில் எரியும் சுடர் நிலையின்றித் துடிக்கும். அத்துடிப்பு யந்திரக் கூட்டின் ஒலி அதிர்வோடு தாளம் சேர்ந்துவிட்டால், எஃகுத் தகடுகளையே பிளந்துவிடும். இவ்வாறு தாளம் சேர்வதற்குரிய விதியை ராலே பிரபு 1878 இலேயே சொல்லிவைத்தார். ஆக, ஒரு பக்கம் நஞ்சு, மறுபக்கம் அணைவு, இடையிலே குறுகிய பாதை. அப்பாதையில்தான் டர்பைன் நடந்தாக வேண்டும். காற்றும் எரிபொருளும் எரிகலத்துள் தங்கும் காலமோ ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. அதற்குள் நடப்பவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து அறிவதானால் கோடிக்கணக்கான பணமும் பல ஆண்டுகளும் செலவாகும். ஆகவே முதலில் கணக்கிற் செய்து பார்க்கிறார்கள்.

கணக்கிலும் ஏழைக் கணக்கு, செல்வர் கணக்கு என்ற பேதம் உண்டு. எளியது, பழைய யந்திரங்களில் அளந்த எண்களைக் கொண்டு ஒரு சூத்திரம் அமைப்பது. அழுத்தமும் வெப்பமும் இவ்வளவு என்றால் நஞ்சு இவ்வளவு என்று அது சொல்லும். பழைய யந்திரத்தைப் போன்றதற்கு அது பொருந்தும், புதியதற்குப் பொருந்தாது. அடுத்தது, எரிகலத்தைச் சில உலைகளும் குழாய்களுமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ரசாயன வினைகளை முழுமையாகக் கணக்கிடுவது. இயற்கை வாயு எரிவதற்கென அமெரிக்கச் சர்வகலாசாலைகள் வகுத்து, 1999 இல் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாக அளித்த ஒரு பட்டியலில் 53 பொருள்களும் 325 வினைகளும் இருக்கின்றன. மூன்றாவது, எரிகலத்தை லட்சக்கணக்கான, சமயத்தில் கோடிக்கணக்கான சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் காற்றின் சுழலையும் சுடரின் வெப்பத்தையும் நொடியின் நுண்பகுதிதோறும் கணக்கிடுவது. இதற்குப் பெரிய கணிப்பொறிகள் வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, எரிகலத்தின் சராசரி வெப்பத்தை அறிந்தால் போதாதா என்று நேயர் ஒருவர் கேட்கலாம். போதாது, அதன் காரணத்தை அரசியல் தொண்டு செய்வோர் அனைவரும் அறிவது நன்று. ஒரு சுடரில் எங்கும் ஒரே சீராக 1,800 கெல்வின் வெப்பம் இருப்பதாகக் கொள்வோம். மற்றொரு சுடரில் கலப்பு சரியில்லாமையால் பாதி இடத்தில் 1,700, பாதி இடத்தில் 1,900 இருப்பதாகக் கொள்வோம். இரண்டுக்கும் சராசரி 1,800 தான். ஸெல்டோவிச் காட்டிய வினைகளைக் கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், வெப்பம் 1,800 இலிருந்து 1,900 ஆக ஏறும்போது நஞ்சு பிறக்கும் வேகம் ஏழு மடங்குக்கு மேலாகிறது. 1,700 ஆக இறங்கும்போது பத்தில் ஒரு பங்காகிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பார்த்தால், முதற் சுடரைப்போல் இரண்டாவது சுடர் ஏறக்குறைய நான்கு மடங்கு நஞ்சைக் கக்குகிறது. சராசரி ஒன்றே, விளைவோ நான்கு மடங்கு. ஜில்லாவின் சராசரி மழையைக் காட்டி வறண்ட கிராமத்துக்கு வரி தள்ளுபடியை மறுக்கும் அதிகாரியின் தர்க்கம் எவ்வளவு பிழையோ, சராசரி வெப்பத்தைக் காட்டிச் சுடரைச் சுத்தமென்று சொல்லும் தர்க்கமும் அவ்வளவு பிழை.

இதே திரை புகைக்கூண்டின் வாயிலும் தொங்குகிறது. முழுப் பாரத்தில் ஓடும்போது பத்து லட்சத்துக்கு 25 பங்கே வெளியிடும் டர்பைன், அரைப் பாரத்துக்குக் கீழே இறங்கினால், முன்கலப்பு முறையை விட்டுப் பழைய முறைக்குத் திரும்பவேண்டி நேரிடும். அப்பொழுதும், யந்திரத்தைத் தொடங்கும்பொழுதும், வெளிப்பாடு பன்மடங்காகலாம். தமிழ் நாட்டில் காற்றாலைகளும் சூரிய மின்சாரமும் பெருகிவருவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் காற்று ஓய்ந்து வெயில் சாயும் வேளையில் விரைந்து எழவும், மீண்டும் அடங்கவும் வாயு டர்பைன்களையே அழைப்பார்கள். அடிக்கடி எழுந்து அடங்கும் யந்திரத்துக்கு முழுப் பாரத்தின் கணக்கு சாட்சியாகாது.

இனி, கணக்கை எந்த நாட்டுக் காற்றில் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வாயு டர்பைன்களின் குணங்களை எடுத்துரைப்பதற்கு உலகத்தார் ஒப்புக்கொண்டிருக்கும் நிலை, 15 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 60 பங்கு ஈரமும் ஆகும். மதுரை மார்கழியிலும் அரிதாகவே காணும் குளிர் அது. சித்திரை வெயிலில் 38, 40 டிகிரிக் காற்றை உறிஞ்சும் டர்பைனின் ஆற்றல் குறைகிறது. அழுத்தப்பட்ட காற்று இன்னும் சூடாகவே சுடரை அடைகிறது. கடலோரத்தின் ஈரமோ சுடரைச் சற்றுத் தணிக்கிறது. இவை ஒன்றையொன்று எவ்வளவு ஈடுசெய்யும் என்பதைக் குளிர்நாட்டு எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் காற்றில், நம் வாயுவில், நம் பாரத்தில் கணக்கிட்டு, நம் புகைக்கூண்டில் அளந்து சரிபார்த்தே சொல்ல வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் நோக்குவோம். 1999 இல் இந்திய சர்க்கார் வாயு டர்பைன் நிலையங்களுக்கு எல்லை வகுத்தபோது, இயற்கை வாயுவை எரிக்கும் புதிய நிலையங்களில் 400 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கும், 100 முதல் 400 வரையுள்ளவற்றுக்கு 75 பங்கும், 100 மெகாவாட்டுக்குக் குறைந்தவற்றுக்கு 100 பங்கும் என்று விதித்தது. பெரிய டர்பைன்களுக்கு 75 பங்கு என்ற எல்லையை அமெரிக்கா 1979 இலேயே விதித்துவிட்டது. ஐரோப்பியர் 2010 இல் வகுத்த எல்லை ஏறக்குறைய 25 பங்குக்குச் சமமாகும். ஒரே யந்திரசாலையில் செய்த யந்திரத்துக்கு, அங்கே விற்றால் ஒரு நியாயமும், இங்கே விற்றால் வேறு நியாயமுமாக இருப்பது நமது சுயமரியாதைக்கு ஒத்ததா? விற்பவர் மேல் குறை கூறிப் பயனில்லை. வாங்குகிறவன் கேட்காததை விற்பவன் வலிந்து கொடுப்பதில்லை. கேட்பதற்கோ, எது இயலும், எது இயலாது என்பதை நாமே கணக்கிட்டறியும் திறமை வேண்டும்.

ஆகாய விமானமும் இவ்விஷயத்துக்குப் புறம்பன்று. அதை உந்துவதும் வாயு டர்பைனே. சர்வதேச விமான ஸ்தாபனம் எஞ்சின்களைச் சோதிக்கும்போது, புறப்பாட்டுக்கு 0.7 நிமிஷம், ஏறுதலுக்கு 2.2 நிமிஷம், இறங்குதலுக்கு 4 நிமிஷம், தரையில் ஓடுவதற்கும் நிற்பதற்கும் 26 நிமிஷம் என்று கொண்டு, சுமார் 3,000 அடி உயரத்துக்குட்பட்ட புகையையே கணக்கில் எடுக்கிறது. சிற்றூர்ப் பயணத்துக்குப் பயன்படும் சுழல்விசிறி விமானங்களின் எஞ்சின்களுக்கு இந்த வாயு எல்லைகள் பொருந்துவதில்லை. ஒரு பெருநகர நிலையத்தை மனத்திற் கொண்டு வகுத்த இந்த நிமிஷங்கள் மதுரை விமான நிலையத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது அங்கே நின்று அளந்து பார்க்கவேண்டிய விஷயம். அவனியாபுரத்தாருக்கு அதில் அக்கறை இருப்பது நியாயமே.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். 2023 ஜனவரியில் இந்திய சர்க்கார் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்தது. அதற்குரிய துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஹைட்ரஜனை எரித்தால் கரியமில வாயு வராது என்பது மெய். ஆனால் அதன் சுடர் இயற்கை வாயுவின் சுடரைவிடச் சூடானது. அதைவிட மிக விரைவாகப் பாய்வது. கலப்புக் குழாய்க்குள்ளேயே பின்வாங்கி எரியக்கூடியது. தக்க ஏற்பாடின்றி எரித்தால் கரியமில வாயு போய் நைட்ரஜன் ஆக்ஸைடு பெருகும். பசுமை என்ற பெயரைக் கேட்டதும் கைதட்டுவதற்கு முன், எரிகலத்தின் கணக்கு எங்கே என்று தேசத்தொண்டர்கள் கேட்பார்களாக.

நம்மவர் இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பெங்களூரில் 1961 முதல் வாயு டர்பைன் ஆராய்ச்சி ஸ்தாபனம் இருந்துவருகிறது. 1989 இல் அங்கீகாரம் பெற்ற காவேரி எஞ்சின் 2008 இல் தேஜஸ் விமானத்திலிருந்து பிரிக்கப்பட்டபோதிலும், அதனாற் பெற்ற அனுபவம் வீணன்று. சென்னை ஐ. ஐ. டி.யில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய நிலையம் ஒன்று நடைபெறுகிறது. சுடரின் துடிப்பு அபாயநிலையை அடைவதற்கு முன்னரே அதன் அறிகுறிகளைக் கண்டுகொள்ளும் வழியை அங்கேயுள்ள பேராசிரியர் சுஜித்தும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்து, உலகத்தாரின் மதிப்பைப் பெற்றிருக்கிறார்கள். ஆற்றல் இருக்கிறது. அது ஆராய்ச்சிசாலையிலிருந்து மின்நிலையத்துக்கும், மின்நிலையத்திலிருந்து ஜனங்களின் அறிவுக்கும் பாயவேண்டிய வாய்க்கால்தான் வெட்டப்படவில்லை.

நிலக்கரி இவ்வளவு புகையைக் கக்கும்போது வாயு டர்பைனைப் பிடித்துக்கொள்வானேன் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நிலக்கரியைவிட வாயு நல்லது என்பதை நாம் மறுக்கவில்லை. கந்தகமும் சாம்பலும் அதில் மிகக் குறைவு. ஆனால் பெரிய திருடனைக் காட்டிச் சிறிய திருடன் விடுதலை கேட்பதை எந்த நியாயஸ்தலமும் ஒப்புவதில்லை. கணக்கெல்லாம் ஊகந்தானே, அளந்தால் போதாதா என்று வேறு சிலர் சொல்லலாம். நியாயஸ்தலத்து உவமையையே இங்கும் சொல்லுவோம். கணக்கு வக்கீலின் வாதம்; அளவு சாட்சியின் வாக்குமூலம். சாட்சியில்லாத வாதம் நிற்காது. வாதமில்லாத சாட்சியோ நடந்து முடிந்ததை மட்டும் சொல்லும். யந்திரம் வாங்கி நிறுவிய பின்னரே வாய் திறக்கும். பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கணக்கு ஒன்றே சொல்லவல்லது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வதே அறிவுடைமை.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. முதலாவது, வாயு டர்பைன் நிலையம் ஒவ்வொன்றின் வெளிப்பாட்டையும் மணிக்கு மணி, அப்போதைய பாரத்தோடும் வெளிவெப்பத்தோடும் சேர்த்து ஜனங்கள் அறியப் பிரசுரிக்க வேண்டும். மின்நிலையங்கள் தொடர்ந்து அளக்கும் கருவிகளை வைக்கவேண்டுமென்று மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2014 இலேயே பணித்திருக்கிறது. அளந்ததைப் பூட்டிவைப்பதற்கு நியாயம் இல்லை. இரண்டாவது, இனி எந்த டர்பைன் வாங்கினாலும், நமது வெப்பத்திலும் அரைப் பாரத்திலும் என்ன வெளிப்படும் என்ற கணக்கை விற்போரிடம் எழுத்து மூலமாகப் பெற்று, அதை நம் நாட்டுச் சாஸ்திரிகளைக் கொண்டு சரிபார்த்த பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது, 1999 இன் எல்லைகளை இன்றைய யந்திரங்களின் தகுதிக்கேற்ப இறக்க வேண்டும். நான்காவது, மதுரைக் காமராசர் பல்கலைக்கழகமும், தியாகராசர் பொறியியற் கல்லூரியும், அவை போன்ற பிறவும் இக்கணக்கை மாணவர்க்குப் பயிற்றுவிக்க வேண்டும். ரசாயன வினைகளைக் கணக்கிடும் கான்டெரா, காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்போம் ஆகிய செயலிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. உலைகளையும் குழாய்களையும் கோத்துப் போடும் கணக்குக்குச் சாதாரண மேசைக் கணிப்பொறியே போதும். வழுதூரின் எண்கள் வெளிவருமாயின், மதுரை மாணவன் ஒருவன் தன் விடுதி அறையிலிருந்தே அவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

1906 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். அதன் சொந்தக் கப்பல்கள் அந்நிய நாட்டில் வாங்கப்பட்டவையே. யந்திரத்தை வெளியே வாங்குவது இழிவென்று அப்பெரியார் கருதவில்லை. அதை நடத்தும் உரிமையும் திறமையும் நம்மிடம் இருக்க வேண்டுமென்றே கருதினார். இன்று உரிமை நம்முடையதாயிருக்கிறது. மின்நிலையம் நம்முடையது, வாயு நம்முடைய மண்ணிலிருந்து வருவது, அதன் புகையைச் சுவாசிப்பதும் நம்முடைய மக்களே. சுடரின் கணக்கு மட்டும் பிறர் பெட்டியில் பூட்டிக் கிடக்கலாகாது. அப்பெட்டியைத் திறக்கும்படி சட்டசபையிலும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் முன்னும் இக்கேள்வியை விடாமல் எழுப்புவது தொண்டர்களின் கடமையாகும்.